பெட்ரோல் நிலைய வாசலில் ஐஸ் பெட்டி வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதும் பள்ளி திறக்கப்போகும் வாரங்களிலும் எங்கள் சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வட்டாரத்தில் பழைய சாமான் கைமாறுவது கூடிவிடும். தோட்டத்து லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கையைச் சுருக்கியவர்கள், முதல் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கத் துடிக்கும் இளைஞர்கள் என்று எல்லாரும் தேடுவது பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், முடா, கரோசெல், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வாட்சாப் குழு. படத்தைப் பார்த்து விலை பேசுகிறார்கள். "சிஓடி பண்ணிக்கலாம்" என்று, அதாவது நேரில் பொருளைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம் என்று, இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் நிலையத்தைக் குறிக்கிறார்கள். லாரியோடு போய், பணத்தைக் கொடுத்து, ஏற்றி வந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ குறை தெரிகிறது. அதற்குள் விற்றவரின் எண்ணுக்கு அழைப்பு போவதில்லை.

ஐஸ் பெட்டி (பிரிட்ஜ்), மோட்டார், கைப்பேசி என்று வெவ்வேறு பழுது பார்க்கும் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். இப்படி வாங்கிய பொருள்களில் பெரும்பாலானவற்றின் குறை வாங்கிய அன்றே அதற்குள் இருந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பெட்ரோல் நிலைய வாசலில் ஓடவிட முடியாது. அங்கே இரண்டு பொருள் இல்லை: ஒன்று மின்சார சொக்கெட், மற்றொன்று விற்பவரின் வீட்டு முகவரி. முதலாவது இல்லாததால் குறை தெரியாமல் போகிறது, இரண்டாவது இல்லாததால் பிறகு வழக்குப் போட வழியில்லாமல் போகிறது.

ஐஸ் பெட்டியிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் ஏமாற்றம் அதில்தான் அதிகம். லாரியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்த பெட்டியைக் காட்டி, "இப்போ சுவிட்ச் போடக்கூடாது, எண்ணெய் இறங்கணும், நாளைக்குப் போடுங்க" என்பார்கள். சொல்வது உண்மைதான். படுக்கவைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்துக் குறைந்தது 4 மணி நேரம், நீண்ட பயணமென்றால் ஒரு நாள், விட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். அந்த உண்மையே விற்பவருக்குச் சோதனையிலிருந்து தப்பும் வழியாகிவிடுகிறது. ஆகவே பெட்டியை அது வழக்கமாக நிற்கும் சமையலறையிலேயே போய்ப் பாருங்கள்.

போனதும் கதவைத் திறக்க அவசரப்பட வேண்டாம். பின்பக்கம் குனிந்து, அடியில் கறுப்பாக உருண்டு இருக்கும் கம்ப்ரசரைப் புறங்கையால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள், சுடும், எச்சரிக்கை. அது சூடாக இருந்து, உள்ளே மீனும் கீரையும் சாம்பார்ப் பாத்திரமும் இருந்தால் அது தினமும் உபயோகத்தில் உள்ள பெட்டி. அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. மாறாக, துடைத்து, உலர்ந்து, எலுமிச்சை வாசத்தோடு காலியாக நிற்கும் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் இது. பனி கட்டாத வகைப் பெட்டியில் குளிரூட்டும் தகடு உறைபனி அறையின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். அதன்மேல் படியும் பனியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய ஹீட்டர் உருக்கித் தண்ணீராக்கிப் பின்னால் உள்ள தட்டுக்கு இறக்கும். அந்த ஹீட்டரோ, அதை இயக்கும் டைமரோ, அதோடு இணைந்த தெர்மோஸ்டாட்டோ, பியூஸோ போய்விட்டால் பனி நாளுக்கு நாள் ஏறி, காற்று போகும் வழியை அடைத்துவிடும். மேலே ஐஸ் இருக்கும், கீழே பால் திரியும். இப்போது பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து ஒரு நாள் முழுக்க விட்டால் பனி அத்தனையும் உருகிவிடும். மறுபடி போட்டால் புதுப் பெட்டி மாதிரி குளிரும், சில நாளைக்கு. பனி திரும்ப ஏறும் வரைக்கும்தான். "காலையில்தான் போட்டேன், பாருங்க எப்படிக் குளிருது" என்று ஒருவர் காட்டும்போது அன்றைக்கு அது நிஜமாகவே குளிர்ந்துகொண்டிருக்கும். வாங்கியவர் வீட்டில் ஒரு வாரத்தில் கீழ் அறை வெதுவெதுப்பாவது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க உறைபனி அறையின் பின் தட்டைப் பாருங்கள். அது முன்னுக்கு உப்பியிருந்தாலோ, ஓரத்தில் வெடிப்பு இருந்தாலோ, ஸ்க்ரூ தலைகள் தேய்ந்து கீறப்பட்டிருந்தாலோ அதைப் பலமுறை கழற்றிப் பனியைச் சுரண்டியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய மாதிரிப் பெட்டிகளில் டைமரின் நடுவே ஸ்க்ரூடிரைவர் நுழையும் பிளவு இருக்கும். அதை வலப்புறமாக மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் 'டிக்' என்று கம்ப்ரசர் நிற்கும். சில நிமிடத்தில் உள்ளே சூடான இரும்பில் நீர் பட்டது போன்ற 'ஸ்ஸ்' ஒலி வந்தால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. புதிய பெட்டிகளில் இதை மின்பலகை பார்த்துக்கொள்வதால் வெளியிலிருந்து சோதிப்பது எளிதல்ல. அவற்றைச் சாப்பாட்டுச் சாமானோடு ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது கேஸ். ஐஸ் பெட்டியின் கேஸ் வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருளல்ல. அடைத்த குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆகவே "போன மாசம்தான் கேஸ் போட்டது" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டையை அடைக்காமல் நிரப்பியிருந்தால் அது திரும்பப் போகும். பெட்டியின் சுவருக்குள், பஞ்சு போன்ற நுரைக்கு நடுவில் ஓடும் குழாயில் ஓட்டை என்றால் அதைத் தொடவே முடியாது. ஒற்றைக் கதவுப் பெட்டியில் அரை மணி நேரம் ஓடவிட்டு, குளிர்த்தகட்டைப் பாருங்கள். பனி தகடு முழுக்கச் சமமாகப் படிய வேண்டும். குழாய் நுழையும் மூலையில் மட்டும் வெள்ளையாகவும் மற்ற இடம் வெறும் ஈரமாகவும் இருந்தால் கேஸ் குறைவு. பின்னால் உள்ள சீட்டில் ஆர்600ஏ என்று போட்டிருந்தால் அது தீப்பற்றக்கூடிய கேஸ். தெரியாதவர் பற்றவைப்புக் கருவியோடு அதில் கைவைக்கக் கூடாது.

பிறகு ஒரு சோதனை, இதைத்தான் யாரும் செய்வதில்லை. அரை மணி நேரம் ஓடிய பெட்டியை நிறுத்தி, 5 நிமிடம் பொறுத்து மறுபடி போடுங்கள். உடனே போடக்கூடாது, குழாய்க்குள் அழுத்தம் சமமாகாமல் நல்ல கம்ப்ரசரும் திணறும். 5 நிமிடத்துக்குப் பிறகும் 'ம்ம்ம்' என்று முனகி, சில வினாடியில் 'டிக்' என்று விழுந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயன்றால் கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலே பழுதாக இருக்கலாம், அது சின்னச் செலவு. கம்ப்ரசரே தேய்ந்திருந்தால் அந்தச் செலவுக்கு வேறு பழைய பெட்டியே வாங்கிவிடலாம். இரண்டில் எது என்று அங்கே நின்று சொல்ல முடியாது, ஆகையால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். கதவு ரப்பருக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், பிடிமானம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

எந்த மின்சாமானாக இருந்தாலும் பிளக்கைப் பார்க்காமல் வாங்காதீர்கள். கழற்றக்கூடிய பிளக் என்றால் சொக்கெட்டிலிருந்து பிடுங்கி, நடு ஸ்க்ரூவைத் திருகித் திறந்துவிடுங்கள். உள்ளே பழுப்பு வயர் பியூஸ் பக்கத்திலும் நீலம் எதிர்ப்பக்கத்திலும் பச்சை மஞ்சள் வயர் மேலே உள்ள பெரிய முளையிலும் இருக்க வேண்டும். அந்தப் பச்சை மஞ்சள் வயர் வெட்டப்பட்டு, நுனியில் டேப் சுற்றி ஒதுங்கிக் கிடந்தால் அந்தச் சாமானைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஹீட்டரிலோ மோட்டாரிலோ மின்கசிவு ஏற்பட்டு வீட்டு மெயின் அடிக்கடி விழுந்திருக்கும். கசிவைச் சரிசெய்யாமல் எர்த்தை வெட்டி 'சரிசெய்திருப்பார்கள்'. மெயின் விழாது, ஆனால் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று கதவைத் தொடும் பிள்ளையின் உடல் வழியாக மின்சாரம் இறங்கும். நம் வீடுகளில் சாதாரண சொக்கெட்டுகளுக்குப் பல இடங்களில் இருப்பது 100 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் கருவி. ஆளைக் காப்பாற்ற 30 வேண்டும், குளியலறைச் சுடுநீர் ஹீட்டருக்கு 10. பியூஸ் இருக்கும் இடத்தில் சிகரெட்டு வெள்ளித்தாளோ கம்பித் துண்டோ இருந்தாலும் அதே முடிவுதான். பழைய சுடுநீர் ஹீட்டரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள் என்பது எங்கள் அனைவரின் ஒருமித்த கருத்து.

ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்திறங்கும் பழைய சாமான்களும் இப்போது தனியார் கைவழியே விற்பனைக்கு வருகின்றன. ரைஸ் குக்கர், காற்றாடி, மிக்சர் எல்லாம் பார்வைக்குப் புதிது போல இருக்கும். பின்னால் உள்ள சீட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் அந்த நிமிடமே கருகிவிடும். அதற்கான டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

துணி துவைக்கும் மெஷினுக்கு நீங்களே ஒரு வாளி நனைந்த துணியை எடுத்துப் போங்கள். வெறும் தொட்டியாகச் சுற்றிக் காட்டுவது சோதனையே அல்ல. பாரத்தோடு தண்ணீர் நிரப்பி, வெளியேற்றி, கடைசிச் சுழற்சி வரை பாருங்கள். ஆகாய விமானம் கிளம்புவது போல உறுமினால் பேரிங் போய்விட்டது. கீழே படுத்துப் பார்த்தால் தொட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் வழிந்த தடம் இருக்கும். நீர்த்தடுப்பு சீல் ஒழுகி, பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்த தடம் அது.

மோட்டாருக்கு வருவோம். இஎக்ஸ்5 ஆனாலும் ஒய்15 ஆனாலும் முதல் வேலை, போனதும் என்ஜின் மீது கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். காலையில் உதைத்தால் பிடிக்காத வண்டியாக இருக்கலாம். ஆறும் வரை காத்திருங்கள், தேநீர் குடிக்கும் நேரம்தானே. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். திராட்டலை முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங், அதாவது என்ஜினையே பிரிக்கும் வேலை. எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். பாலில் கலந்த கோப்பி நிறத்தில் குழம்பியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளம் வடிந்த சில வாரங்களில் மலிவாக வரும் வண்டிகளில் இதை முதலில் பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் சேற்றுக் கோடு, சீட்டுக்கு அடியில் துருவேறிய கம்பி ஆகியவை கூடவே இருக்கும். பின் சக்கரத்துப் பல்சக்கரத்தின் பின்புறத்தில் சங்கிலியை விரலால் பின்னுக்கு இழுங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் சங்கிலியும் இரண்டு பல்சக்கரமும் சேர்த்து மாற்ற வேண்டும். டயரில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், மழையில் பிடிக்காது. வண்டியோடு ஹெல்மெட்டைச் 'சும்மா' கொடுத்தால் வாங்காதீர்கள். ஒருமுறை விழுந்த ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும். வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது.

வண்டியைவிட அதன் தாளில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கெரானில், அதாவது வண்டியின் உரிமைச் சான்றிதழில், உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடம் அரத்தால் தேய்த்தது போலப் பளபளத்தாலோ, எழுத்துகள் கோணலாக இருந்தாலோ விலகிவிடுங்கள். திருட்டு வண்டி என்றால் நீங்கள் கொடுத்த காசும் போகும், வண்டியும் உரிமையாளருக்குப் போகும். தனக்கு உரிமையில்லாத பொருளுக்கு ஒருவர் உரிமை மாற்றித் தர முடியாது என்பதுதான் சட்டம். தெரிந்தே வாங்கினால் குற்றவியல் சட்டத்தின் 411ஆம் பிரிவும் பாயும். "சம்போங் பாயார்" என்று கடனோடு வண்டியைக் கைமாற்றுவது இன்னொரு பொறி. கடன் தீரும் வரை வண்டியின் மீது வங்கிக்கு உரிமை உண்டு. நீங்கள் மாதாமாதம் கட்டிய பணம் விற்றவர் பெயரில் ஏறும், தவணை தவறினால் வண்டி உங்கள் வாசலிலிருந்து இழுக்கப்படும். கெரானில் உள்ளவர் இறந்துவிட்டார் என்றால் வாரிசுப் பத்திரம் இல்லாமல் பெயர் மாற முடியாது. எதுவானாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் முகப்பிடத்தில் இருவரும் கட்டைவிரல் ரேகை வைத்துப் பெயர் மாறும் அந்த நாளில்தான் முழுப் பணமும் கைமாற வேண்டும். "பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்பவரிடம் வாங்க வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்தில் குத்தகைக்குப் புல் வெட்டுகிறவர்கள் பழைய மெஷின் வாங்குவது வழக்கம். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலக்க வேண்டும். மாதிரியைப் பொறுத்து 25க்கு 1 அல்லது 50க்கு 1. ஒரே ஒரு நாள் எண்ணெய் கலக்காமல் ஓட்டியிருந்தாலும் பிஸ்டன் கீறியிருக்கும். சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி, புகை வெளியேறும் துளைக்குள் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கம் மழமழவென்று இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக நகத்தால் கீறியது போன்ற கோடுகள் தெரிந்தால் அந்த மெஷின் சில நாளில் நின்றுவிடும். விற்பவர் கழற்ற விடவில்லை என்றால், இழுகயிற்றின் பிடியைப் பிடித்து மெஷினைத் தூக்குங்கள். அது உடனே சர்ரென்று கீழே இறங்கினால் உள்ளே அழுத்தம் இல்லை.

கைப்பேசியைப் பெட்ரோல் நிலையத்தில் அல்ல, சொக்கெட்டும் வைஃபையும் உள்ள ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்), போன் வந்த அட்டைப் பெட்டியில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். உங்கள் சிம்மைப் போட்டுப் பேசுங்கள், உங்கள் கேபிளால் சார்ஜ் ஏற்றுங்கள், ஒரு ஐக்கனை விரலால் பிடித்துத் திரை முழுக்க மூலை மூலையாக இழுங்கள். எங்கே நழுவுகிறதோ அங்கே தொடுதிரை செத்திருக்கிறது. சாம்சுங் என்றால் *#0*# அழுத்தினால் சோதனைப் பக்கமே வரும். பத்து நிமிடம் காணொளி எடுங்கள்; உள்ளே மின்பலகையில் வெப்பம் காட்டி ஒட்டுப்போட்ட போன்கள் சூடேறியதும் அணைந்துவிடும். ஐபோனில் மின்கலத்தின் ஆரோக்கியம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். முக்கியமானது கணக்குப் பூட்டு. ஐபோனில் ஐகிளவுடிலிருந்தும் ஆண்ட்ராய்டில் கூகிள் கணக்கிலிருந்தும் விற்பவர் உங்கள் கண்முன் வெளியேறி, அதன் பிறகு போனை முழுதாக அழித்து, புதிதாகத் தொடங்கி முகப்புத் திரை வரை கொண்டுவந்து காட்ட வேண்டும். 'எல்லாம் அழிச்சுட்டேன்' என்று 'ஹலோ' திரையோடு நீட்டப்படும் போன் அடுத்த பக்கத்திலேயே பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். அது கிடைக்காவிட்டால் வெறும் கண்ணாடிப் பலகைதான். பிள்ளைக்கு வாங்கும் பழைய மடிக்கணினிக்கும் இதே எச்சரிக்கை. நிறுவனமோ பள்ளியோ பூட்டிய கணினி, அழித்தாலும் இணையத்தோடு சேர்ந்ததும் மீண்டும் பூட்டிக்கொள்ளும்.

முன்பணம் கேட்பவருக்குப் பொருளைப் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். "வேற ஆள் கேட்கிறார், 50 வெள்ளி போட்டால் வைத்திருப்பேன்" என்பது பழகிப்போன தூண்டில். வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் 'செமாக் மூல்' தளத்தில் தட்டிப் பாருங்கள். புகார் இருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதால் நல்லவர் என்று ஆகிவிடாது. பணத்தைப் போட்டபின் ஆளே இல்லை என்றால் அது மோசடி. அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997க்கு அழைத்து, வங்கிக்கும் சொல்லி, பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் எழுதுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் தடுத்தால்தான் மீளும்.

பொருள் கைக்கு வந்து, அது பழுதாக இருந்தால் கதை வேறு. மக்கள் 'திரிபியுனல்' என்று சொல்லும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம் என்பது உண்மை. ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாக விற்பவரைத்தான் பிடிக்கும். தன் வீட்டு ஐஸ் பெட்டியை ஒருமுறை விற்பவர் அதற்குள் வரமாட்டார். இது தெரியாமல் படிவம் நிரப்பி, ஒரு நாள் வேலையை விட்டு ஈப்போவுக்குப் போய், வெறுங்கையோடு திரும்பும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. தன்னைத் தனியார் என்று சொல்லும் எல்லாரும் தனியார் அல்ல. விற்பவரின் பக்கத்தைத் திறந்து அவர் வேறு என்னென்ன விற்கிறார் என்று பாருங்கள். ஒரே ஆள் ஏழெட்டு ஐஸ் பெட்டி, நாலைந்து துணி துவைக்கும் மெஷின், எல்லாம் ஒரே தகரக் கொட்டகைப் பின்னணியில் என்றால் அவர் வியாபாரி. வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்த மறுநாள் விளம்பரங்கள் அழிக்கப்பட்டிருக்கும். இந்தப் படங்கள் இருந்தால் நடுவர் மன்றத்தின் கதவு திறக்கும்.

உண்மையான தனியாரிடம் வாங்கினால் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். தரத்துக்கு அவர் பொறுப்பில்லை; பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு. ஆனால் அவர் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு உண்டு. 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, வர்ணித்து விற்ற பொருள் அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும். பொய்யான கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வழி தருகிறது. ஆகவே 'நல்ல கண்டிஷன்' என்ற சொல்லால் உங்களுக்குப் பயனில்லை. வாட்சாப்பில், எழுத்தில், குறிப்பாகக் கேளுங்கள்: கம்ப்ரசர் மாற்றியதா? கேஸ் எப்போதாவது நிரப்பியதா? கீழ் அறை எப்போதாவது குளிராமல் போனதா? வண்டி வெள்ளத்தில் மூழ்கியதா? "இல்லை" என்று எழுதி வரும் பதில் ஒரு கூற்று, அது பொய்யானால் பிடித்துக்கொள்ள ஓர் இடம். குரல்பதிவில் பதில் வந்தால் அதையும் அழிக்காதீர்கள். சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்ற கேள்வி நீதிமன்றத்திலும் எழக்கூடும் என்பதால், கேட்டதோடு நிறுத்தாமல் பார்க்கவும் வேண்டும்.

அதற்குரிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் 198ஆம் படிவத்தில் நீங்களே பதிவு செய்யலாம். அந்தப் படிவத்தில் எதிர்த்தரப்பின் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் வாங்கியவர்களின் பேனா அந்தக் கட்டத்தில்தான் நின்றுவிடுகிறது. வீட்டுக்கே போய்ப் பார்த்து வாங்கியவருக்கு முகவரி தெரியும். சோதித்து முடித்தபின் பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் டியூட்நௌ வங்கி மாற்றல் மூலம் போட்டால் பெயரும் தேதியும் பதிவாகும். திரையில் வரும் பெயர் எதிரில் நிற்பவருடையதுதானா என்று பார்த்த பிறகே பச்சைப் பொத்தானைத் தொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாங்கும்போது இருவரும் கையெழுத்திட ஒரு சீட்டு வேண்டும். நீதிமன்றத்தில் காட்ட வசதியாக மலாயில் எழுதிக்கொள்வது நல்லது. பொருளடக்கம் பின்வருமாறு இருந்தால் போதும். இதைத் தங்கள் நாளிதழில் கட்டம் கட்டி வெளியிட்டால் வாசகர்கள் வெட்டி எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள்:

"........ ஆகிய நான் (முழுப்பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, தொலைபேசி எண்), இந்த ........ (பொருள், தயாரிப்பு, மாதிரி, வரிசை எண் அல்லது சேசிஸ் எண்) எனக்குச் சொந்தமானது, இதன்மீது கடன் இல்லை என்று உறுதி கூறி, ........ வெள்ளிக்கு விற்கிறேன். எனக்குத் தெரிந்த குறைகள்: ........ . இதுவரை மாற்றிய அல்லது பழுது பார்த்த பாகங்கள்: ........ . விற்ற நாளில் இப்பொருள் வாங்குபவர் முன்னிலையில் ........ நிமிடம் இயக்கிக் காட்டப்பட்டது. மேற்சொன்னவற்றில் ஏதேனும் உண்மையல்ல என்று ........ நாளுக்குள் தெரியவந்தால் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் தருவேன். விற்பவர் கையெழுத்து, வாங்குபவர் கையெழுத்து, தேதி, நேரம், இடம்."

இப்படிக்கு,
பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.